பாசண்டம்: ஒரு சொல்லின் வழக்கும் வசையும்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேத நெறிக்குப் புறம்பான கொள்கைகளைச் சுட்டப் ‘பாசண்டம்’ என்றொரு சொல் நம் பழைய நூல்களில் வழங்குகிறது. பிற்காலத்தார் அதனை வசையாக ஆண்டனர். ஆயினும் தொடக்கத்தில் அதில் வசை இல்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் வெட்டுவித்த 12ஆம் பாறைக் கட்டளை, அரசன் எல்லாப் பாசண்டங்களையும் மதிக்கிறான் என்றும், தன் பாசண்டத்தின் மீதுள்ள பற்றினால் பிறர் பாசண்டத்தைப் பழிப்பவன் தன்னுடையதற்கே கேடு சூழ்கிறான் என்றும் கூறுகிறது. தன்னுடையதும் பாசண்டம், பிறருடையதும் பாசண்டம் என்றால், அங்கே அச்சொல்லுக்குச் சமயக் குழு என்பதைத் தவிர வேறு பொருள் இருக்க இயலாது.

தமிழில் சிலப்பதிகாரம் இன்னும் தெளிவான சான்று தருகிறது. புகாரில் மாலதி என்பாள், தான் ஊட்டிய பால் விக்கி மாற்றாளின் குழந்தை இறந்துவிட, அதை ஏந்திக் கோயில்தோறும் சென்று, முடிவில் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வத்தின் கோயிலில் வரம் வேண்டிப் பாடுகிடக்கிறாள். சாத்தனே குழந்தை வடிவில் வந்து அவள் துயர் தீர்க்கிறான். இழிவான பெயராக இருந்திருந்தால், அழுதவள் நாடிச் சென்ற தெய்வத்துக்கு அதைச் சூட்டியிருப்பார்களா? உரைகண்ட அடியார்க்குநல்லாரும், பாசண்டம் என்பது 96 வகைச் சமய சாத்திரத் தருக்கக் கோவை என்றே விளக்கினார். அதில் அவர் பழிப்பு எதுவும் கலக்கவில்லை.

வைதிக நூல்களில் நிலைமை வேறு. பாசண்டிகளை வாய்ச்சொல்லாலும் உபசரிக்கலாகாது என்கிறது மனுநூல். ‘பா’ என்பது உலகைக் காக்கும் வேத நெறி, அதைக் கண்டிப்பவர், அதாவது துண்டிப்பவர், பாசண்டர் என்று சொல்லைப் பிரித்துப் பொருள் கூறியவர்களும் உண்டு, பகைமை முற்றிய பிறகு புனைந்த சொல்லிலக்கணம் அது என்பது என் கருத்து.

யார் உள்ளே, யார் புறம்பே என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்குக் கடலூரே சான்று. இன்றைய திருப்பாதிரிப்புலியூரான பாடலிபுரத்தில் சமணப் பள்ளி சிறந்திருந்தது. ‘லோகவிபாகம்’ என்னும் சமண நூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகையில் நிறைவுற்றதாகக் கூறப்படுகிறது. அவ்வூர் இதுவே என்பர் ஆய்வாளர். அப்பள்ளியில் தருமசேனராய்த் தலைமை பூண்டவரே பின்னர்த் திருவதிகைக்குத் திரும்பித் திருநாவுக்கரசர் ஆனார் என்கிறது பெரியபுராணம். சேக்கிழார் அதை மீட்சியாகப் பாடினார். பள்ளியிலிருந்த சமணர்க்கோ அது நெறி பிறழ்வு.

பின்வந்த சைவ சித்தாந்திகள் ‘பாசண்டம்’ என்னும் ஒற்றைச் சொல்லோடு அமையாமல், பிற சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஆறு சமயங்களை அடக்கினர். காணும் உலகமே மெய் என்னும் உலகாயதமும் சமணமும் பௌத்தப் பிரிவுகள் நான்கும் புறப்புறத்தில் அடங்கின. வேதத்தை ஒப்புக்கொண்டு அதன் சடங்குகளை ஆராய்ந்த மீமாஞ்சையும்கூட அவர்கள் கணக்கில் புறமே.