காருக்குள் அடைபட்ட படம்: மாரியோ பாவாவின் ‘வெறிநாய்கள்’

நண்பர்களே, வணக்கம். இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் ‘வெறிநாய்கள்’ படத்தை எல்லோரும் இப்போதுதான் பார்த்து முடித்திருக்கிறோம். அதனால் கதையின் முடிச்சை மறைக்க வேண்டியதில்லை, முடிவிலிருந்தே பேசுகிறேன்.

படம் முழுக்க நாம் யாருக்காகப் பதறினோம்? உடம்பு சரியில்லாத பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ரிக்கார்டோவுக்காக. சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்த மூன்று பேர், மரியா என்ற பெண்ணைப் பிணையாக இழுத்துக்கொண்டு அவன் காரில் ஏறுகிறார்கள். கடைசியில் அவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு, பிள்ளையின் தாய்க்கு அவன் போன் போட்டுப் பணம் கேட்கிறான். கடத்தல்காரனே அவன்தான்.

இந்தப் படம் எடுக்கப்பட்ட 1974இல் இத்தாலியில் ஆள்கடத்தல் ஒரு தொழிலாகவே நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, எண்ணெய்க் கோடீஸ்வரர் கெட்டியின் பேரனை ரோமில் கடத்தி, காதை அறுத்து அனுப்பிப் பணம் பறித்தார்கள். ரிக்கார்டோவாக வரும் குச்சோல்லா யார் தெரியுமா? அநியாயமாக மரண தண்டனை பெற்ற தொழிலாளி சாக்கோவாக நடித்து, 1971இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். அந்த முகத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் அந்தக் காலத்து இத்தாலிய ரசிகர் இதைப் பார்க்கவே இல்லை. தயாரிப்பாளர் திவாலானார், படச்சுருள்கள் முடக்கப்பட்டன. 1980 ஏப்ரலில் பாவாவும் போய்விட்டார். மரியாவாக நடித்த லியா லாண்டர்தான் விடாமல் முயன்று, 1990களில் படத்தை வெளியே கொண்டுவர வழிசெய்தார். அவருக்கு நாம் பட்டிருக்கிற கடன் பெரியது.

அதனால் இதன் முதல் விமர்சனங்களே இருபதாண்டுக்கும் மேல் கழித்து வந்தவை. பாவா என்றால் திகில் படம், பாழடைந்த மாளிகை, மூடுபனி, சிவப்பும் நீலமுமாக விழும் வெளிச்சம் என்று பழகியிருந்தவர்கள் அசந்துபோனார்கள். இங்கே பட்டப்பகல் வெயில், மூச்சுமுட்டும் ஒரு கார், வியர்வை வழியும் முகங்கள், அவ்வளவுதான். அவருடைய தலைசிறந்த படங்களில் ஒன்றாகப் பலர் இதை வைத்தார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. நடுவில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறாளே அந்த லொடலொடப் பெண், அவளை நினைத்துப் பாருங்கள். அவள் வாய் ஓயாமல் பேசப் பேச நமக்குச் சிரிப்பு வருகிறது, அடுத்த கணம் அவள்மேல் கத்தி பாய்கிறது. சிரித்ததற்காக நாமே கூசிப்போகிறோம்.

சரி, பாராட்டியவர்கள் விரைவாகக் கடந்துபோன இடம் ஒன்று உண்டு. நடுவழியில் காரை நிறுத்தி, மரியாவை ஆண்கள் முன்னால் சிறுநீர் கழிக்க வைக்கிற காட்சி. பெண்ணின் அவமானத்தைக் காட்டிக் காசு பார்க்கிற எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களின் வழக்கம் இதிலும் இருக்கிறது. கேமரா அவள் முகத்தில் நிற்கிறது, அந்த ஆண்களின் அற்பத்தனத்தை அம்பலப்படுத்துகிறது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. வேண்டியதற்கு மேல் அந்தக் காட்சி நீள்கிறது. மேதை எடுத்த படம் என்பதற்காக அதைப் பார்க்காதது போல் இருக்க முடியாது. அதே நேரம், அந்த ஒரு காட்சிக்காக மொத்தப் படத்தையும் குப்பையில் போடுவதும் நியாயமில்லை.

அப்புறம் ஒரு விஷயம். பின்னாளில் வேறொரு தயாரிப்பாளரான ஆல்ஃப்ரெடோ லியோனேயும் பாவாவின் மகன் லம்பெர்த்தோவும் சேர்ந்து, புதிதாகப் படம்பிடித்த காட்சிகளோடும் புதிய இசையோடும் இன்னொரு வடிவத்தை உருவாக்கினார்கள். அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எனக்கு அது ஒட்டவில்லை. அந்தப் புதிய காட்சிகளுக்காகக் காரை விட்டு நாம் வெளியே வருகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறோம். இந்தப் படத்தில் அதற்கு இடமே தரக்கூடாது.