கிரேடியன்ட் ஃப்ளோ சில மேட்ரிக்ஸ்ல மட்டும் ஏன் ஊர்ந்து போகுது? ஜோர்டான் குயிவர் கணக்கு

குயிவர் (புள்ளிகளும் அம்புகளும் கொண்ட படம்), மொமென்ட் மேப்னு ஆரம்பிக்கிறவங்க நேரா பெரிய தேற்றத்துக்குத் தாவிடறாங்க. அதுக்கு முன்னாடி ஜோர்டான் குயிவரைப் பாருங்க. ஒரு புள்ளி, அதுலேயே கிளம்பி அதுக்கே திரும்புற ஒரு அம்பு, அதுக்கு ஒரு சதுர மேட்ரிக்ஸ் ஏ. அவ்வளவுதான்.

ஏவைத் திருப்பிப் போட்டு, கான்ஜுகேட்டும் எடுத்தா ஏ-ஸ்டார். உள்ளே வர்ற அம்புக்கு ஏ ஏ-ஸ்டார், வெளியே போறதுக்கு மைனஸ் ஏ-ஸ்டார் ஏ. ரெண்டையும் கூட்டினா மொமென்ட் மேப், எம்னு வைங்க. எம் பூஜ்யம்னா ஏ நார்மல் மேட்ரிக்ஸ், அதாவது ஏவையும் ஏ-ஸ்டாரையும் எந்த வரிசையில பெருக்கினாலும் ஒரே விடை. எம்மோட நார்ம் ஸ்கொயரை (எல்லா எண்களோட அளவு ஸ்கொயர்களின் கூட்டல்) கிரேடியன்ட்டுக்கு எதிர்த்திசையில நகர்ந்து குறைக்கிறதுதான் நம்ம ஃப்ளோ. அதோட கிரேடியன்ட், எம்முக்கும் ஏவுக்குமான கம்யூட்டேட்டரை (எம் ஏ மைனஸ் ஏ எம்) 4 மடங்காக்கினது. இந்த இடத்தை நல்லா கவனிங்க: கம்யூட்டேட்டர்னாலே பேசிஸ் மாத்துற திசை. அதனால ஃப்ளோ ஆர்பிட்டை (பேசிஸ் மாத்தினா ஏவுல இருந்து கிடைக்கிற எல்லா மேட்ரிக்ஸும்) விட்டு வெளியே போகாது, ஐகன் மதிப்பும் அசையாது. லிமிட் மட்டும் ஆர்பிட்டுக்கு வெளியே விழலாம்.

2க்கு 2 மேட்ரிக்ஸை யூனிட்டரி மாற்றத்தால மேல்முக்கோணமாக்குங்க. மூலையில நிக்கிற எண்ணோட அளவை ஸ்கொயர் பண்ணி ஒய்னு வைங்க. ஃப்ளோ முக்கோண வடிவத்தைக் காப்பாத்தாது, ஆனா கவலை இல்ல: ஏவோட நார்ம் ஸ்கொயர்ல இருந்து ஐகன் மதிப்புகளோட அளவு ஸ்கொயர்களைக் கழிச்சா எப்பவும் ஒய் கிடைக்கும். ஒய் மாறுற வேகம் = மைனஸ் 16 × ஒய் × (ஒய் + இடைவெளி ஸ்கொயர்). இடைவெளின்னா ரெண்டு ஐகன் மதிப்புக்கும் நடுவுல உள்ள தூரம். இது தோராயம் இல்ல, அப்படியே சரியான சமன்பாடு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது.

இடைவெளி 1னா ஒய் கடைசியில 16ங்கிற வீதத்துல எக்ஸ்பொனென்ஷியலா சரியும். 0.1னா வெறும் 0.16. இடைவெளியே இல்லாத ஜோர்டான் பிளாக்ல எக்ஸ்பொனென்ஷியலே கிடையாது. மூலை எண் 1ல தொடங்கினா நேரம் 100லயும் 0.025 மிச்சம் இருக்கும்.

கோடு எழுதும்போது ஆய்லர் முறையில கூட்டிக்கிட்டே போகாதீங்க, ஐகன் மதிப்பு மெல்ல நகர்ந்துடும். மைனஸ் 4 × படி × எம், இதோட எக்ஸ்பொனென்ஷியலை ஜின்னு வெச்சு, ஏவை ஜி ஏ ஜி-இன்வர்ஸா மாத்துங்க. லிமிட் பக்கத்துல படி, 1/(4 × பெரிய இடைவெளி ஸ்கொயர்) அளவை விடச் சின்னதா இருக்கணும். ஆரம்பத்துல எம் பெருசு. எம்மோட நார்ம் ஏறினா படியைப் பாதியாக்குங்க.

ஐகன் மதிப்புகள் 0, 0.1, 10னு இருந்தா? பெரிய இடைவெளியால படி 1/400க்குள்ள அடங்கணும். சின்ன இடைவெளி சம்பந்தப்பட்ட பகுதி மூணுல ஒரு பங்கா குறையவே ஏறக்குறைய 5000 படி ஆகும். படியைத் தீர்மானிக்கிறது பெரிய இடைவெளி, காத்திருப்பைத் தீர்மானிக்கிறது சின்ன இடைவெளி.

பல புள்ளி குயிவர்னா ஒவ்வொரு புள்ளியிலயும் எம்ல இருந்து தீட்டாவை (அந்தப் புள்ளிக்கு நாம தேர்ந்தெடுக்கிற எண் × ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ்) கழிக்கணும். எல்லா எம்மோட ட்ரேஸும் (மூலைவிட்ட எண்களின் கூட்டல்) சேர்ந்து தானாவே பூஜ்யம். அதனால தீட்டாக்களைப் பரிமாணத்தால பெருக்கிக் கூட்டினாலும் பூஜ்யம் வரணும். வரலேன்னா ஃப்ளோ பூஜ்யத்தைத் தொடவே தொடாது. நீங்க கோடுல பிழை தேடிக்கிட்டு இருப்பீங்க.

இதுவும் சரியா இருந்து, நார்ம் பூஜ்யத்துக்கு மேலேயே நின்னுட்டா, 1994ல கிங் சொன்ன தீட்டா-ஸ்டெபிலிட்டிப்படி அந்த ரெப்ரசென்டேஷன் (அம்புகளுக்குக் கொடுத்த மேட்ரிக்ஸ்களோட தொகுப்பு) அன்ஸ்டேபிள். ஃப்ளோவை வீணா போச்சுன்னு நிறுத்திடாதீங்க. லிமிட், ஹார்டர்–நரசிம்மன்–ஜோர்டான்–ஹோல்டர் ஃபில்ட்ரேஷனோட (ரெப்ரசென்டேஷனை ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கிப் பிரிக்கிற முறை) துண்டுகளைப் பிரிச்சே காட்டும்னு ஹராடாவும் வில்கினும் 2011ல நிறுவியிருக்காங்க. லிமிட்ல எம் மைனஸ் தீட்டாவை டயகனலைஸ் பண்ணி, ஒரே ஐகன் மதிப்பு உள்ள வெக்டர்களைப் புள்ளிவாரியா எண்ணுங்க. ஹார்டர்–நரசிம்மன் துண்டு ஒவ்வொண்ணோட பரிமாணமும் கைக்கு வந்துடும்.