தண்ணீருக்குள் ஆறு வருடம்

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வின்செஸ்டர் வந்துவிடும். தெற்கு இங்கிலாந்தின் பழைய பேராலய நகரம். போன பிப்ரவரியில் ஒரு நாள் முழுக்க அந்த ஊரை நடந்தே பார்த்தேன். சின்ன ஊர்தான்; கடைத்தெருவில் இறங்கி நடந்தால் ஆல்பிரட் மன்னர் சிலை, அதைத் தாண்டியதும் இச்சன் ஆறு. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெளிவாகத் தெரியும்.

அந்தத் தண்ணீர்தான் பேராலயத்துக்குக் கீழேயும் இருக்கிறது. 1079-இல் கட்டத் தொடங்கிய கோயில் அது. சுமார் 170 மீட்டர் நீளம். மழைக்காலத்தில் அதன் நிலவறைக்குள் நிலத்தடி நீர் ஏறிவிடும். அங்கே ஆண்டனி கோர்ம்லி செய்த மனித உருவம் ஒன்று, குவித்த கைகளைக் குனிந்து பார்த்தபடி தண்ணீரில் தனியாக நிற்கிறது. நான் போன அன்று முழங்கால் வரை தண்ணீர். அவ்வளவு அமைதியை நான் வேறெந்தக் கோயிலிலும் உணர்ந்ததில்லை.

அப்புறம் மேலே வந்து கிழக்குப் பகுதிக்குப் போனேன். அங்கேதான் வில்லியம் வாக்கரின் சிறிய சிலை இருக்கிறது. அவர் கப்பல்துறைகளில் மூழ்கி வேலை செய்யும் டைவர். பேராலயத்துக்கும் டைவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1905 வாக்கில் கிழக்குச் சுவர்கள் சாய்ந்து விரிசல் விட்டன. அடியில் மரக்கட்டைகள், அதற்கும் கீழே செடிகொடி மட்கிய கறுப்புச் சேறு. தோண்டினால் தண்ணீர் பொங்கி வந்தது. அதை இறைத்தால் மண்ணும் சேர்ந்து வந்து, சுவரே இறங்கிவிடும் அபாயம். அதனால் 1906 முதல் 1911 வரை வாக்கர் நாள்தோறும் சுமார் 6 மணி நேரம், 6 மீட்டர் ஆழம் வரை, கும்மிருட்டில் மூழ்கி வேலை செய்தார். சேறு கலங்கிய தண்ணீரில் விளக்கு பயன்படாது. கையால் தடவித்தான் எல்லாம். சேற்றை அள்ளிவிட்டு, கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி, அடியை அடைப்பார். பிறகுதான் தண்ணீரை இறைத்துவிட்டு, கொத்தனார்கள் இறங்கிக் கட்டுவார்கள். மொத்தம் 25,000 மூட்டை கான்கிரீட், 9 லட்சம் செங்கல்.

1912 ஜூலை 15 அன்று நன்றி வழிபாடு நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே வந்திருந்தார். ஆறு வருடம் கழித்து, 1918-இல் பரவிய ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் வாக்கர் இறந்துபோனார். அவருக்கென்று 1964-இல் செய்த சிலையில், தவறுதலாகப் பொறியாளர் பிரான்சிஸ் பாக்ஸின் முகம் வந்துவிட்டது. சரியான முகத்தோடு சிலை வர 2001 ஆகிவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துப் போனது. நான் அந்தச் சிலை முன்னால் வெகுநேரம் நின்றேன்.

மதியம் ஆற்றோரப் புல்வெளி வழியாகத் தெற்கே நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டரில் செயின்ட் கிராஸ் அறநிலையம். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. வழிப்போக்கர் யாராக இருந்தாலும் வாயிலில் கேட்டால், ஒரு துண்டு ரொட்டியும் சின்னக் குவளையில் பீரும் தருவார்கள். நாமாகக் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். கேட்டேன். காலில் சேறு, கையில் ரொட்டி. வாசல் சுவரோரம் நின்றே சாப்பிட்டேன்.

நன்றி, வணக்கம்.