ஆளுமைக் கோளாறும் எங்கள் பெரியப்பாவும்

(போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால், ஏறக்குறைய பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இன்னொரு திறப்பு விழா காத்திருந்தும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நம் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே (உங்களை விடப்போவதில்லை டாக்டர், கடைசியில் வருகிறேன்), பெஞ்சுகளை நேற்றே துடைத்து வைத்த நூலகர் அவர்களே, மைக் செட்டுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பி, தாய்மார்கள், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெயிலுக்கு ஒரு ஈரிழைத் துண்டு கொடுத்திருந்தால் முகம் துடைக்கவாவது ஆகியிருக்கும்.

நான் 32 வருஷம் நர்ஸ், அதில் 11 வருஷம் மனநல வார்டு. அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நாலு விஷயம் பேசப் போகிறேன்: ஆளுமைக் கோளாறு என்றால் என்ன, ஏன் வருகிறது, என்ன வைத்தியம், அப்புறம் நம் சினிமாவும் சீரியலும் இதைப் படுத்தும் பாடு. நடுவில் என் பழமொழியும் வரும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். முன்னாடியே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அந்த ஆள் குணமே அப்படித்தான்" என்போமே, அங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ஆனால் குணம் ஒரு மாதிரி இருப்பதெல்லாம் கோளாறு இல்லை. அப்படிப் பார்த்தால் இந்த ஹாலில் பாதிப் பேருக்கு நான் ஓ.பி. சீட்டு போட வேண்டியிருக்கும். நினைப்பதும் பழகுவதும் கோபப்படுவதும் இளவயதிலேயே ஒரே வார்ப்பில் இறுகிப்போய், வீடு, வேலை, சொந்தம் என்று போகிற இடமெல்லாம் அவரையும் கூட இருப்பவர்களையும் வருஷக்கணக்கில் வதைத்தால்தான் டாக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். கையேட்டில் 10 வகை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11, 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அது அந்தப் பெட்டிகளைக் கிட்டத்தட்டக் கலைத்துவிட்டு, லேசா, நடுத்தரமா, கடுமையா என்று பார் என்கிறது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் வார்டில் ஒரே ஆள் மூன்று பெட்டியில் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும்.

என் கல்யாணத்தில் மொய் எழுத சித்தப்பா உட்கார்ந்தார். பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பெரியப்பா இன்னொரு நோட்டோடு உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா எழுதுவதை அவரும் எழுதுவார். வருகிறவர்கள் பெயரை இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒருத்தர் கேட்டே விட்டார், "அண்ணே, ரெண்டு நோட்டுக்கும் தனித்தனியா வைக்கணுமா?" சாயங்காலம் கூட்டினால் 50 ரூபாய் உதைக்கிறது. தம்பி அமுக்கிவிட்டான் என்று பந்தி நடுவில் எழுந்து ஒரே சத்தம். மாப்பிள்ளை வீட்டார் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பார்த்தால் 101-ஐ 151 என்று எழுதியிருப்பது பெரியப்பா நோட்டில்தான். காட்டினோம். நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என் நோட்டுல இதை மாத்துனது யாரு?"

எல்லோரும் சிரித்தீர்கள், நாங்களும் சிரித்தோம். அதற்கப்புறம் 19 வருஷம் அவர் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெரியம்மா பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை பேசினால், "என்னைப் பத்தி என்ன சொன்னே?" அந்த அம்மா பேசுவதையே விட்டுவிட்டார். (இங்கே ஹாலில் சத்தம் அடங்கிவிட்டது.)

கடைசிக் காலத்தில் இடுப்பெலும்பு உடைந்து என் வீட்டில் கிடந்தார். டீ கொடுத்தால் முதலில் நான் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். குடித்துக் காட்டினேன். தினம் இரண்டு வேளை, மூன்று மாசம். ஒருநாள் நான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது, "ஆறிடப் போகுது, குடு" என்று வாங்கிக் குடித்துவிட்டார்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். பிள்ளையை அடிப்பதற்குத்தான் இந்தப் பழமொழியைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அம்மி நகரும் என்றுதான் சொன்னார்கள், உடையும் என்று சொல்லவில்லை.

ஏன் வருகிறது என்றால், பிறவிச் சுபாவத்துக்கும் பரம்பரைக்கும் பங்கு உண்டு. சின்ன வயதில் பட்ட அடி, அவமானம், கவனிப்பார் இல்லாமல் வளர்ந்தது, இவற்றுக்கும் உண்டு. மனசும் உறவும் நிலையில்லாமல் ஆடும் பார்டர்லைன் என்ற வகையைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் சொன்னது எனக்கு நம் வீடுகளைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கும்: சட்டென்று பொங்கும் மனத்தோடு பிறக்கிற பிள்ளை, "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று வாயடைக்கிற வீட்டில் வளர்வது. அவரே 17 வயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர். அதை 2011-இல்தான் வெளியே சொன்னார். அவர் உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையில் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, வழக்கமாக ஒரு வருஷம். பொங்கி வரும்போது அடுத்த பத்து நிமிஷத்தை எப்படிக் கடப்பது என்பதைக்கூடப் பாடமாக நடத்துவார்கள். இந்தக் கோளாறுக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றத்துக்குத்தான் மாத்திரை. பார்டர்லைன் உள்ளவர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலையும் உறவும் சீராக இன்னும் நாளாகிறது. அம்மிதானே.

சரி டாக்டர், இப்போது உங்களிடம் வருகிறேன். வாரா வாரம் உட்கார்ந்து பேச நம் தாலுக்காவில் யார் இருக்கிறார்கள்? மாதம் ஒருநாள் மனநல டாக்டர் வருகிறார், நீளமான டோக்கன் வரிசை, ஆளுக்கு மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்தில் டீயே ஆறாது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகுதான் நமக்கெல்லாம் உறைத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, மனநல சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. நாங்கள் கேட்பது நம் மருத்துவமனையில் நிரந்தரமாக ஒரு உளவியலாளர், ஒரு அறை, இரண்டு நாற்காலி. மின்விசிறிகூட நாங்களே வாங்கித் தருகிறோம். அதுவரை 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சினிமா, சீரியல் இன்னொரு நாளைக்கு. மனு நோட்டு நூலகர் மேசையில் இருக்கிறது, இதுவரை 612 கையெழுத்து. டாக்டர், உங்களுடையது இன்னும் விழவில்லை. பேனா நானே கொண்டுவந்திருக்கிறேன்.