இருமச் சொல்லிப் பாருங்கள்

அறுவை சிகிச்சை வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்களே, வணக்கம்.

வயிற்றை நீளமாகத் திறந்து குடலையோ இரைப்பையையோ அறுத்த நோயாளியிடம், “வலிக்குதாங்கய்யா?” என்று கேட்டால், அசையாமல் படுத்திருப்பவர் “இல்லம்மா” என்றுதான் சொல்வார். அதை அப்படியே சார்ட்டில் ஏற்றாதீர்கள். இருமச் சொல்லுங்கள். இரும முடியாதவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தங்கும், நிமோனியா வரும். எபிடியூரல், அதாவது முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து வலி மருந்து செலுத்துவது, போடுவதே இதற்காகத்தான். 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான, எபிடியூரலைச் சோதித்த மாஸ்டர் ஆய்விலும் உயிரிழப்பு குறையவில்லை, சுவாசச் செயலிழப்புதான் குறைந்தது.

மேல்வயிற்றுக் காயத்துக்குக் குழாய் நடுமுதுகில் இருக்க வேண்டும். இடுப்பில் போட்டால் கால் மரத்துப்போகும், காயமோ வலிக்கும்; இரண்டும் கெட்ட நிலை. பம்பில் வழக்கமாக மரத்துப்போகச் செய்யும் 0.1% பூபிவகெயினும் வலியடக்கும் ஃபென்டனில் மில்லிக்கு 2 மைக்ரோகிராமும் கலந்து, மணிக்கு 5 முதல் 10 மில்லி ஓடும். மருந்து எதுவரை பரவியிருக்கிறது என்பதை ஐஸ்கட்டி சொல்லிவிடும். முதலில் மருந்து எட்டாத தோளில் வைத்துக் குளிர்ச்சியை உணரச் செய்யுங்கள். பிறகு நெஞ்சிலிருந்து கீழே, இரண்டு பக்கமும்; குளிர்ச்சி தெரியாத இடத்தில்தான் மருந்து வேலை செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் குளிர்ச்சி தெரிந்தால் குழாய் ஒதுங்கியிருக்கலாம். மயக்க மருத்துவர் அதை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்தாலே சரியாகிவிடுவதுண்டு.

ரத்த அழுத்தம் இறங்கினால் எபிடியூரல்மீது பழி போடுவது சுலபம். முதலில் உள்ளே ரத்தம் கசிகிறதா பாருங்கள். கசிவு இல்லை, ரத்தக்குழாய்கள் விரிந்ததுதான் காரணம் என்றால், சலைனைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவதில் பயனில்லை, குடல்தான் வீங்கும். ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது கால் பலம் குறைவதற்குத்தான். நடுமுதுகுக் குழாயில் இவ்வளவு நீர்த்த மருந்து ஓடும்போது, நோயாளியால் முழங்காலை மடக்கித் தூக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் “மருந்து வேகம், தானே சரியாகும்” என்று விட்டுவிடக் கூடாது. பம்பை நிறுத்தி மயக்க மருத்துவரை அழையுங்கள், அரைமணிக்கொரு முறை காலைச் சோதியுங்கள். 4 மணி நேரத்துக்குள் பலம் திரும்பாவிட்டால் அவசர எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தை ரத்தக்கட்டி அழுத்தினால் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

இரண்டு மூன்று நாளில் குழாயை எடுக்கும்போது, வலி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பம்பை நிறுத்தியபின் தேடினால் அன்றைய நடைபயிற்சி போய்விடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்ஸபாரின் ஊசி 40 மில்லிகிராம் போட்டு 12 மணி நேரம் கழித்தே குழாயை எடுக்க வேண்டும். நுனி முழுதாக வந்ததா என்று பார்த்து, எடுத்த நேரத்தைச் சார்ட்டில் எழுதுங்கள். அடுத்த இனாக்ஸபாரின் ஊசி அந்த நேரத்திலிருந்து 4 மணி நேரமாவது கழித்துத்தான்.