அம்மாவை எந்த டே கேரில் விடுவது?

[காட்சி: சமையலறை, காலை எட்டரை மணி]

ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கேஸ் வாசனை. ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா அடுப்பைத் திறந்துவிட்டு, லைட்டரைக் கையில் பிடித்தபடி, எதற்காக அங்கே வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி அப்போது ஆறு மாதம். இனிமேல் பகலில் அம்மாவைத் தனியாக விட முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நான் வேலையை விட்டால் வீடு நடக்காது. முதியோர் இல்லத்தில் சேர்க்க மனசும் இல்லை, அவசியமும் இல்லை. ராத்திரி நம் வீட்டில்தானே தூங்கப் போகிறார்? தேவைப்பட்டது பகலுக்கு மட்டும் ஒரு துணை.

அதற்குத்தான் பகல் நேரப் பராமரிப்பு மையம். காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டி வரலாம். பேச்சில் எல்லோரும் டே கேர் என்கிறோம். ஆனால் போர்டில் டே கேர் என்று இருக்கும் இடமெல்லாம் ஒன்றில்லை. நான் சறுக்கியது அங்கேதான்.

[காட்சி: கேரம் போர்டைச் சுற்றி நான்கு பெரியவர்கள்]

நடமாட்டம் நன்றாக உள்ள முதியவர்களுக்கான மையங்கள் இருக்கின்றன. செய்தித்தாள், கேரம், உடற்பயிற்சி, எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய விடுதலை. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், மாநகராட்சிகளில் 25 அன்புச்சோலை மையங்கள் அமைப்பதாக அறிவித்ததும் முதியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போவதற்காகத்தான். உங்கள் பக்கத்தில் எது இருக்கிறது என்று கேட்க, முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், கட்டணம் கிடையாது.

மறதி நோய் உள்ளவருக்கு அந்த இடம் போதாது. கூடவே இருக்கிற ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பயிற்சியும் வேண்டும். சென்னையில் இருப்பவர்கள், 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பிலும், அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளையிலும் விசாரித்துத் தேடலைத் தொடங்கலாம்.

மூன்றாவது கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு 18 வயதுக்குப் பிறகு பெரும்பாலும் ஸ்பெஷல் ஸ்கூல் முடிந்துவிடும். அப்புறம்? இருபத்தைந்து வயசுப் பையனும் அறுபது வயசு அம்மாவும் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், 10 வயதைக் கடந்தவர்களுக்காக விகாஸ் என்ற டே கேர் திட்டம் வந்தது. ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் பராமரிப்பு, வயதுக்கேற்ற பயிற்சி என்பது அதன் ஏற்பாடு. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், இதன் கீழ் பதிவான மையம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

[காட்சி: மையத்தின் வாசல்]

சரி, நேரில் பார்க்கப் போகிறீர்கள். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மணிக்குப் போங்கள். சாப்பாடு முடிந்து, ஊழியர்களும் களைத்திருக்கும் நேரம். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயச் சாயத் தவிப்பு கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்துகொண்டே இருப்பார்கள். அப்போது ஊழியர் அதட்டி உட்கார வைக்கிறாரா, கையைப் பிடித்துக்கொண்டு நாலு நடை நடக்கிறாரா? உங்களுக்கு வேண்டிய பதில் அதில் இருக்கிறது.

நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் ஏசி ஹால், பெரிய டிவி. நாலாவது நாள் அம்மா வேனிலிருந்து இறங்கினார். புடவையின் பின்பக்கம் நனைந்து காய்ந்திருந்தது. எத்தனை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதனால் சொல்கிறேன்: ஹாலைப் பார்க்கும் முன் பாத்ரூமைப் பாருங்கள். தரை வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, வீல்சேர் உள்ளே போகுமா? பெண்களைக் கூட்டிப் போவது யார், எத்தனை மணிக்கொரு தரம்?

இரண்டாவதாகப் பார்த்த இடம் ஒரு பழைய வீடு. டிவி ஓடவில்லை. ஓர் ஆயா, அம்மா முன்னால் முறத்தை வைத்து, "இதை ஆய்ஞ்சு குடுங்கம்மா" என்று ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டார். என் பெயரையே சில நாள் மறந்துவிடுகிற அம்மா, காம்பை ஒதுக்கி, பழுத்த இலையைத் தனியே எடுத்து, அரை மணி நேரம் நிமிரவே இல்லை. அங்கேயே சேர்த்துவிட்டேன்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது வேன், சாப்பாடு, டயப்பர் எல்லாம் மாதக் கட்டணத்துக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

முதல் வாரம் அரை நாள் மட்டும் விடுங்கள். அழுதால், "நான் வர மாட்டேன்" என்றால், உடனே நிறுத்த வேண்டாம், உடனே முழு நாளும் ஆக்க வேண்டாம். எங்கள் அம்மாவுக்குப் பழக மூன்று வாரம் ஆனது.

[காட்சி: துணிப்பை ஒன்று]

அம்மாவின் பையில் மாற்றுப் புடவை, மாத்திரைச் சீட்டின் நகல், கண்ணாடிக் கூடு. பெயரையும் என் போன் நம்பரையும் பையின் உள்பக்கத்தில் நூலால் தைத்திருக்கிறேன். பேனாவில் எழுதியது இரண்டு துவையலில் போய்விட்டது.