ஆனைக்கும் அடி சறுக்கும்: போல் மக்கலமும் அந்த 18 யார்ட்டும்

ஸ்காபரோவில் எங்கள் வட்டாரச் சிறுவர் உதைபந்தாட்டப் பரிசளிப்பு விழாவில் நான் பேசியது இது. வர முடியாத சில பெற்றோர் கேட்டதால் எழுதிப் போடுகிறேன். ஆண்டுகளையும் எண்களையும் சரிபார்த்திருக்கிறேன், மற்றபடி மேடையில் சொன்னது சொன்னபடியே இருக்கிறது.

அவைத் தலைவர் அவர்களே, நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்து, பிள்ளைகளின் நடனம் முடியும்வரை எழும்பாமல் இருந்த நகரசபை உறுப்பினர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய பாதர் அவர்களே, கிண்ணங்களுக்கும் சீருடைகளுக்கும் அனுசரணை தந்த வர்த்தகப் பெருமக்களே, ஒரு சதம் வாங்காமல் மழையில் நின்று வலை கட்டும் பயிற்றுநர்களே, பதினைந்து பதினாறு வயதில் கையில் விசிலைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களின் ஏச்சையெல்லாம் கேட்கும் நடுவர்த் தம்பி தங்கைகளே, பின்னால் வடையும் தேத்தண்ணியும் தயார்செய்துகொண்டிருக்கும் அம்மாமாரே, என் முன்னால் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நகரசபை உறுப்பினருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நம் மைதானத்தின் விளக்கு எரியாமல் கிடந்த நாட்களில் நான் அவருடைய அலுவலகத்துக்கு எத்தனை தடவை தொலைபேசி எடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொள்ளவில்லை. இன்று இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது ஐயா, கடைசியில் சொல்கிறேன்.

நான் மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, போல் மக்கலம் என்ற கனடியன் ஃபுட்போல் உதைவீரரின் கதை. இரண்டு, அந்த ஆட்டத்தில் 2027 இல் கோல் கம்பங்களையே இடம் மாற்றப் போகிறார்கள், அது உதைப்பவர்களின் பிழைப்பை என்ன செய்யும் என்பது. மூன்று, நம் மைதானத்தின் ஓரக்கோடு.

எங்கள் அம்மம்மாவுக்கு ஒரு பழமொழி வாயில் எப்போதும் இருக்கும். ஆனைக்கும் அடி சறுக்கும். தட்டு உடைந்தாலும் அதுதான், சோதனையில் குறைந்த புள்ளி வாங்கி வந்தாலும் அதுதான். சொல்லிவிட்டுத் தலையைத் தடவி, போய்ச் சாப்பிடு என்பார். இன்றைக்கு நான் சொல்லப்போகும் ஆனை வன்கூவரில் பிறந்தது.

கனடியன் ஃபுட்போல் என்றால் நம் உதைபந்தாட்டம் இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், தாத்தா பாட்டிமாருக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கூர்ந்த பந்து. பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். மைதானம் 110 யார்ட் நீளம், 65 யார்ட் அகலம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். அதில் காலால் புள்ளி எடுப்பவர் ஒருவர்தான். அவரைக் கிக்கர் என்பார்கள். ஆட்டம் முழுக்க ஓரத்தில் குளிரில் நிற்பார், மற்றவர்கள் முட்டி மோதிப் பந்தை முன்னே கொண்டுபோய் இனி முடியாது என்று நிற்கும்போது இவரைக் கூப்பிடுவார்கள். ஒருவர் குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவார். முழங்காலில் இருக்கும் இன்னொருவர் அதைப் பிடித்து, தையல் பக்கம் கம்பத்தைப் பார்க்கும்படி திருப்பி, ஒரு விரலால் நிமிர்த்தி வைப்பார். அதற்குள் இவர் அடியெடுத்து வைத்துவிட வேண்டும். எறிவதிலிருந்து உதைக்கும்வரை எல்லாம் இரண்டு விநாடிக்குள். எதிரே ஆறடி ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வருவார்கள். பந்து 10 அடி உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலாக, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போக வேண்டும். போனால் ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி.

போல் மக்கலம் 1970 இல் பிறந்தவர். இந்த வேலையை இருபது ஆண்டுக்கு மேல் செய்தவர். நடுவில் ஐரோப்பாவுக்குப் போய் 1996 இல் ஸ்கொட்டிஷ் கிளேமோர்ஸ் அணியோடு அங்கத்தைய வெற்றிக் கிண்ணத்தையும் தூக்கியவர். ஆனால் அவரை அவராக ஆக்கியது சஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸ். றெஜைனா நகரத்து அணி. பணக்கார முதலாளி ஒருவருடையது அல்ல, ஊர் மக்களுக்குச் சொந்தமான அணி. ஆட்டநாளில் பச்சை உடுப்புப் போட்டு, வத்தகப்பழத்தைக் குடைந்து தலைக்கவசமாக மாட்டிக்கொண்டு வருவார்கள், அவ்வளவு பாசம். அந்த ஊருக்காக 2001 ஒக்ரோபரில் எட்மன்ரனுக்கு எதிராக இவர் 62 யார்ட் தூரத்திலிருந்து ஒரு ஃபீல்ட் கோல் அடித்தார். லீக் வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து அடித்ததில்லை. கிட்டத்தட்ட 57 மீற்றர். பிள்ளைகளே, உங்கள் பெனால்டிப் புள்ளி வலையிலிருந்து 11 மீற்றர். கணக்குப் பாருங்கள்.

இனி 2004 நவம்பருக்கு வாருங்கள். மேற்குப் பிரிவு இறுதியாட்டம். வென்றால் லீக்கின் இறுதிக் கிண்ண ஆட்டமான கிரே கப். எதிரணி பி.சி. லயன்ஸ், இடம் வன்கூவரில் பி.சி. பிளேஸ் அரங்கம், அதாவது இவர் பிறந்த ஊர். கூரை போட்ட அரங்கம் அது. காற்றில்லை, பனியில்லை, சேறில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. ரஃப்ரைடர்ஸ் முதலில் தாக்கியது, பந்தைக் கம்பத்துக்கு வெகு அருகில் கொண்டுவந்துவிட்டார்கள். கூப்பிடு மக்கலத்தை என்றார்கள். 18 யார்ட். பதினாறரை மீற்றர். 62 யார்ட் அடித்த காலுக்கு அது வீட்டு முற்றத்தில் விளையாடுகிற தூரம்.

தவறிவிட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும்.

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கனடியன் ஃபுட்போலில் ஃபீல்ட் கோல் தவறினாலும், அந்தப் பந்து கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்குள் போய், எதிரணி அதை வெளியே கொண்டுவர முடியாவிட்டால், உதைத்த அணிக்கு ஒரு புள்ளி உண்டு. ரூஜ் என்பார்கள். வேறெங்கும் இல்லாத, இந்த நாட்டுக்கே உரிய வழக்கம். அன்றைக்கும் அந்த ஒரு புள்ளி கிடைத்தது. அப்புறம் லயன்ஸின் முறை வந்தது, அவர்களுடைய கிக்கர் டங்கன் ஓமஹோனி மூன்று புள்ளி அடித்தார், 27க்கு 25, ஆட்டம் முடிந்தது. ஆட்டத்தின் சட்டம்கூட சறுக்கிய காலுக்கு ஒரு புள்ளி கொடுத்தது. ஊரில் சிலர் என்ன கொடுத்தார்கள் தெரியுமா?

மக்கலத்தின் வீட்டுக்கு முட்டை எறிந்தார்கள். குடும்பத்தாரை மிரட்டினார்கள். அதோடு விட்டார்களா? யாரோ மாட்டெருவைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கொட்டினார்கள். ஆனால் அது மக்கலத்தின் வீடே இல்லை. அயல்வீடு! வீடு மாறிப்போய்க் கொட்டிவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள், சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த அயலவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவர் பந்து உதைக்கவில்லை. தவறவிடவும் இல்லை. காலையில் வேலைக்குப் போகக் கதவைத் திறக்கிறார், வாசல் முழுக்க எரு. நாற்றம். நவம்பர் மாதத்து றெஜைனாக் குளிரில் அதைச் சவளால் அள்ள வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். கோபம் வந்தால் மனிதனுக்கு இலக்கம் தெரியாது, எந்த வீடு என்று தெரியாது, யார் பிழை என்று தெரியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். எரு என்ன சும்மா காற்றில் பறந்து வருமா? ஒருவர் அதை எங்கேயோ போய் எடுக்க வேண்டும், ஏற்ற வேண்டும், கொண்டுவர வேண்டும், இறக்க வேண்டும். அவ்வளவு நேரத்துக்குள் ஒரு தடவையாவது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மக்கலம் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டும் அதே பச்சைச் சட்டையோடு அந்த ஊருக்காகவே உதைத்தார். 2006 இல் பி.சி. லயன்ஸுக்கு மாறினார், தோற்கடித்த அதே அணிக்கு, சறுக்கிய அதே அரங்கத்துக்கு. அந்த ஆண்டே மேற்குப் பிரிவு இறுதியில் லயன்ஸ் வென்றது, எதிரே நின்றது ரஃப்ரைடர்ஸ். அப்புறம் வினிப்பெக்கில் கிரே கப். மொன்றியலுக்கு எதிராக 25க்கு 14. அந்த 25 புள்ளியில் 18, ஆறு ஃபீல்ட் கோல், இவருடைய காலிலிருந்து வந்தது. ஆட்டத்தின் மிகச்சிறந்த கனடியர் என்ற விருதும் அவருக்கே. 2011 இல், நாற்பத்தொரு வயதில், 53 தடவை உதைத்து 50 ஐ உள்ளே போட்டார். அந்த ஆண்டும் கிரே கப் லயன்ஸுக்கு, இந்தத் தடவை சொந்த ஊரில், பி.சி. பிளேஸில்.

அதே அரங்கத்தில் 1994 இல் லயன்ஸின் லூயி பசாலியா என்ற இன்னொரு பெரிய ஆனை, கிரே கப் இறுதியில் ஒரு நிமிடம் மிச்சமிருக்கையில் தவறவிட்டார். அடுத்த வாய்ப்பு கடைசி உதையாக வந்தது, 38 யார்ட், உள்ளே போனது, எதிரணி பால்ரிமோர் தோற்றது. இருபத்தைந்து ஆண்டு ஒரே அணிக்கு ஆடி 3,991 புள்ளி எடுத்தவர் அவர். அவருக்கு அடுத்த உதை ஒரு நிமிடத்தில் கிடைத்தது. மக்கலத்துக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. நம் பிள்ளைகளுக்கு எப்போது கிடைக்கிறது? இதைத்தான் நான் கேட்க வந்தேன்.

மூன்று கோடைக்கு முன்னால் என் மகனுக்குப் பதினொரு வயது. அரையிறுதி, பெனால்டி உதை. அவன் அடித்த பந்து சட்டத்துக்கு மேலால் போனது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு அப்பா, உனக்கெல்லாம் சோறு போட்டது வீண் என்று கத்தினார். முழு மைதானமும் கேட்டது. நான் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிட மோசமாக, காரில் ஏறியதும் நானே ஆரம்பித்தேன். உடம்பைப் பின்னால் சாய்த்தாய், இடது காலைத் தள்ளி வைத்தாய், எத்தனை தடவை சொன்னேன் என்று வீடு வரும்வரை இருபது நிமிடம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்து, அடிப்பக்கத்துக் குமிழ்களுக்கிடையில் இருந்த சேற்றை நகத்தால் கிண்டிக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தான். கார் அழுக்காகக் கூடாதென்று அதை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து இறங்கும்போதும் கையைப் பொத்தியபடியே இறங்கினான். அடுத்த வருடம் பதிவுப் படிவத்தை நீட்டினேன். வேண்டாம் அப்பா என்றான்.

எனக்கு என் அம்மம்மாவின் பழமொழி அன்று ஏன் வாயில் வரவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும். மூன்று சொல். சொல்லிவிட்டு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், மன்னிக்க வேண்டும் ஐயா, கம்பம் மாறுகிற கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நான் கேட்பது இதுதான். அடுத்த பருவத்திலிருந்து நம் மைதானத்தில் ஓரக்கோட்டுக்கு மூன்று மீற்றர் பின்னால் ஒரு கயிறு கட்டுவோம். பெற்றோர் அதற்கு இங்கால் வரக்கூடாது. கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், இரண்டு அணிக்கும் தட்டலாம். அடி, ஓடு, விடு, பாஸ் பண்ணு என்று கத்துவது பயிற்றுநருடைய வேலை. நடுவரோடு ஒருவரும் வாய் கொடுக்கக்கூடாது, அந்தப் பிள்ளைக்கும் வயது பதினைந்துதான். காரில் வீடு திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளை கதைத்தால் கதையுங்கள், இல்லாவிட்டால் என்ன சாப்பிடப் போகிறாய் என்று மட்டும் கேளுங்கள். பயிற்றுநர்கள் இரண்டு பேர் தங்கள் அணிகளுக்கு இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அவர்களுக்கு என் நன்றி. நகரசபை உறுப்பினர் அவர்களிடம் கேட்க இருந்ததும் இதுதான்: மைதான வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிவிப்புப் பலகை. சின்னப் பலகை போதும்.

வடை மேசைக்குப் பக்கத்தில் ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறேன், பேனாவும் நூலில் கட்டியிருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பிடிக்காவிட்டால் என்னிடம் நேரே வந்து சொல்லுங்கள், நான் கடைசிவரை இங்கேதான் நிற்பேன். கயிறு ஏற்கெனவே என் காரில் இருக்கிறது. மே மாதம் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கட்ட வேண்டும், கூட வர இரண்டு பேர் தேவை.